கடல் நீரை மின்பகுத்து வேதிப்பொருள் எடுப்பது எப்படி: வினையூக்கிப் பூச்சு முதல் டைட்ரேஷன் வரை

ஒரே வாளிக் கடல் நீரை இரண்டு பீக்கர்களில் ஊற்றுகிறோம். முதல் பீக்கரில் ருத்தேனியம் ஆக்சைடு பூசிய டைட்டானியம் வலை. இரண்டாவதில் கொஞ்சம் காரம் சேர்த்து, நிக்கல்-இரும்பு ஹைட்ராக்சைடு பூசிய நிக்கல் நுரையை, அதாவது பஞ்சு போலத் துளைகள் நிறைந்த நிக்கல் துண்டை, இறக்குகிறோம். இரண்டுக்கும் ஒரே மின்னடர்த்தி, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பாயும் மின்னோட்டம் ஒன்றுதான். அரை மணி நேரம் போனதும் முதல் பீக்கரில் நீச்சல் குளத்து வாசம் வருகிறது. இரண்டாவதில் வாசமே இல்லை, ஆக்சிஜன் குமிழிகள் மட்டும்தான். நீர் ஒன்றுதான், மின்சாரமும் ஒன்றுதான். மின்வாயின் மேல் இருக்கும் சில மைக்ரான் பூச்சும், நாம் சேர்த்த காரமும்தான் என்ன பொருள் கிடைக்கும் என்பதை முடிவு செய்கின்றன.

கல்லூரி ஆய்வகத்தில் எம்.எஸ்சி. மாணவர்களோடு இந்தச் சோதனையைப் பலமுறை செய்திருக்கிறேன். பெரும்பாலானோர் செய்யும் முதல் தவறு, கிடைத்த கம்பியை நீரில் விட்டுக் குமிழி வந்ததும் மகிழ்ந்துவிடுவது. குமிழி எல்லாக் கம்பியிலும் வரும். என்ன பொருள் வேண்டும் என்று முதலில் தீர்மானித்து, அதற்கேற்ற வினையூக்கியைச் செய்து, கிடைத்ததை அளந்து பார்ப்பதுதான் வேலை. இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது. ஃப்யூம் ஹூட் (நச்சுவாயுவை உறிஞ்சி வெளியேற்றும் அறை) உள்ள ஆய்வகத்தில், வேதியியல் தெரிந்த ஒருவர் அருகில் இருக்கச் செய்ய வேண்டிய வேலை இது. வீட்டுச் சமையலறையில் செய்யக் கூடாது.

கடல் நீருக்குள் இருப்பவை

ஒரு கிலோ கடல் நீரில் சராசரியாக 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் குளோரைடு மட்டும் 19 கிராமுக்குச் சற்று மேல். சோடியம் 10.8 கிராம், சல்ஃபேட் 2.7 கிராம், மக்னீசியம் 1.28 கிராம், கால்சியம் 0.41 கிராம், பொட்டாசியம் 0.4 கிராம். புரோமைடு வெறும் 0.067 கிராம்தான் என்றாலும் பின்னால் அது நமக்கு ஒரு தொல்லை தரப்போகிறது. பிஹெச் 8.1 அளவில் இருக்கும்.

இந்தப் பட்டியலைச் சாதாரண உப்புக் கரைசலோடு ஒப்பிட்டால் வேறுபாடு மக்னீசியத்திலும் கால்சியத்திலும்தான் இருக்கிறது. மேசை உப்பைக் கரைத்துச் செய்யும் சோதனையில் கேத்தோடு, அதாவது எதிர்மின்வாய், பளபளவென்று இருக்கும். கடல் நீரில் பத்து நிமிடத்தில் அதன் மேல் வெள்ளைப் படிவம் ஏறிவிடும். அதனால் "மூன்றரை சதவீத உப்புக் கரைசலில் வெற்றி" என்று வரும் ஆய்வு முடிவுகளை உண்மையான கடல் நீருக்கு அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள்.

முதல் படி: எது வேண்டும் என்று தீர்மானியுங்கள்

கேத்தோடில் பெரும்பாலும் ஹைட்ரஜன்தான் வரும். அங்கே உண்டாகும் ஹைட்ராக்சைடு அயனி மக்னீசியத்தைப் பிடித்து மக்னீசியம் ஹைட்ராக்சைடாக வீழ்படிய வைக்கும். போட்டி நடப்பது ஆனோடில், அதாவது நேர்மின்வாயில். அங்கே நீர் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ஆக்சிஜன் கிடைக்கும். குளோரைடு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் குளோரின் உண்டாகி, உடனே நீரில் கரைந்து ஹைப்போகுளோரைட்டாக மாறும். ப்ளீச் திரவத்தில் இருப்பது இதுதான்.

வெப்ப இயக்கவியல் கணக்குப்படி ஆக்சிஜன்தான் முதலில் வர வேண்டும். அதற்கு 1.23 வோல்ட் போதும், குளோரினுக்கு 1.36 வோல்ட் வேண்டும். இவை அமில நிலையின் எண்கள், இடைவெளி 0.13 வோல்ட்தான். ஆனால் ஆக்சிஜன் வர நான்கு எலக்ட்ரான்கள் பல கட்டங்களில் நகர வேண்டும், குளோரினுக்கு இரண்டு போதும். எளிய வேலை முந்திக்கொள்கிறது. போதாக்குறைக்கு, கடல் நீரின் தாங்கல் திறன், அதாவது பிஹெச் மாறாமல் பிடித்துவைக்கும் திறன், மிகக் குறைவு. அதனால் மின்சாரம் பாயும்போது ஆனோடை ஒட்டியிருக்கும் மெல்லிய நீர்ப்படலம் அமிலமாகிவிடும். பீக்கரில் பிஹெச் 8 என்று மானி காட்டும், ஆனோடின் தோலில் அது 3 ஆகவும் இருக்கலாம்.

கார நிலையில் ஆட்டம் மாறுகிறது. பிஹெச் 7.5-க்கு மேல் ஆக்சிஜன் வினைக்கும் ஹைப்போகுளோரைட் வினைக்கும் நடுவே ஏறக்குறைய 0.48 வோல்ட் இடைவெளி கிடைக்கிறது. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஸ்ட்ராசரின் குழு 2016-ல் இதைத் தெளிவான வடிவமைப்பு விதியாக முன்வைத்தது. அந்த 0.48 வோல்ட்டுக்குள் வேண்டிய மின்னோட்டத்தைத் தரக்கூடிய வினையூக்கி இருந்தால், குளோரைடு அருகிலேயே இருந்தாலும் அதைத் தொடாமல் நீரை மட்டும் பிளக்கலாம்.

ஆக, இரண்டு பாதைகள். ஹைப்போகுளோரைட் வேண்டுமானால் கடல் நீரை அப்படியே வைத்து ருத்தேனியம் சார்ந்த ஆனோடு. குளோரின் இல்லாத ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வேண்டுமானால் காரம் சேர்த்த கடல் நீரில் நிக்கல்-இரும்பு ஆனோடு.

எச்சரிக்கைகள்

ஹைப்போகுளோரைட் உள்ள கரைசலில் எந்த அமிலம் விழுந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். வினிகர் விழுந்தாலும் அப்படித்தான். மின்வாயை அமிலத்தில் கழுவப் போகும் முன் மூன்று முறையாவது தண்ணீரில் அலசுங்கள். அடுத்தது ஹைட்ரஜன். காற்றில் 4 சதவீதம் முதல் 75 சதவீதம் வரை கலந்திருந்தால் அது பற்றிக்கொள்ளும். பீக்கரை மூடாதீர்கள். மின்சாரம் பாயும்போது கிளிப்பைக் கழற்றாதீர்கள், அந்தச் சிறு பொறி போதும். பவர் சப்ளையை அணைத்த பிறகே இணைப்பைத் தொட வேண்டும். நிக்கல் உப்புகள் தோல் ஒவ்வாமையும் புற்றுநோய் அபாயமும் உள்ளவை, கையுறை இல்லாமல் எடுக்க வேண்டாம்.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். எவர்சில்வர் ஸ்பூனையோ ஸ்டீல் தகட்டையோ ஆனோடாக வைக்காதீர்கள். ஆரம்பத்தில் ஒருமுறை, வேறு தகடு கைவசம் இல்லை என்று நானே அதைச் செய்தேன். இருபது நிமிடத்தில் நீர் பழுப்பும் மஞ்சளுமாக மாறி, அடியில் சேறு தங்கியது. இரும்பு மட்டும் கரையவில்லை. ஸ்டீலில் உள்ள குரோமியம் நச்சுள்ள ஆறிணைதிறன் குரோமியமாகக் கரைந்து வருகிறது. அந்த அரை லிட்டரைப் பாதுகாப்பாக அப்புறப்படுத்த ஒரு நாள் முழுக்க ஆனது. கேத்தோடாக ஸ்டீல் வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை, அங்கே அது கரையாது.

இரண்டாம் படி: நீரைத் தயார் செய்தல்

கரையோரத்து நுரையிலும் கலங்கலிலும் எடுக்காமல், முடிந்தால் அலைக்கு அப்பால் எடுங்கள். ஆற்றுமுகத்துவாரத்தின் அருகே உப்பு குறைவாக இருக்கும். இரண்டு லிட்டர் போதும். ஒரு நாள் அசையாமல் வைத்துத் தெளியவிட்டு, வடிதாளில் வடிகட்டுங்கள். பிஹெச்சையும் மின்கடத்துத்திறனையும் குறித்துக்கொள்ளுங்கள். 25 டிகிரியில் சென்டிமீட்டருக்கு 50 மில்லி சீமன்ஸ் அளவில் காட்டினால் நல்ல கடல் நீர்.

கடல் நீர் கிடைக்காத ஊரில் இருப்பவர்கள், லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 24 கிராம், மக்னீசியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் 11 கிராம், சோடியம் சல்ஃபேட் 4 கிராம், கால்சியம் குளோரைடு ஒன்றரை கிராம், சோடியம் பைகார்பனேட் 0.2 கிராம் என்று கலந்துகொள்ளலாம். இந்தச் சோதனைக்கு அது போதுமான அளவு நெருக்கமானது.

மூன்றாம் படி: முதல் பாதை, ஹைப்போகுளோரைட்

குளோரின் தொழிலில் நெடுங்காலம் கிராஃபைட்தான் ஆனோடாக இருந்தது. அது மெல்ல எரிந்து தேயும். தேயத் தேய மின்வாய்களின் இடைவெளி கூடும், மின்செலவும் கூடும். 1960-களில் ஹென்றி பியர் டைட்டானியத் தகட்டின் மேல் ருத்தேனியம் ஆக்சைடும் டைட்டானியம் ஆக்சைடும் கலந்த பூச்சைக் கொண்டுவந்தார். இத்தாலியின் டி நோரா குழுமம் அதைத் தொழிலுக்குக் கொண்டுபோனது. உருவம் மாறாத ஆனோடு என்ற பொருளில் அதற்குப் பெயரே வந்தது. நம் பக்கத்தில் காரைக்குடியில் 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம்மவர்கள் சிக்ரி என்று சொல்வது, இதே வகை டைட்டானிய ஆனோடுகளை உள்நாட்டிலேயே உருவாக்கியது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்த அந்த நிறுவனத்தை இந்தத் துறையில் படிக்கும் பிள்ளைகள் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பூசிய டைட்டானியம் வலை கடையில் கிடைக்கும். உப்பு நீர் நீச்சல் குளங்களின் குளோரினேட்டருக்குள் இருப்பதும் இதுதான். முதல் தடவை செய்பவர்கள் வாங்கிக்கொள்வதே நல்லது. சொந்தமாகப் பூச விரும்புபவர்களுக்குச் செய்முறை இது.

டைட்டானியத் தகட்டை மணல்தாளால் தேய்த்து, 10 சதவீத ஆக்சாலிக் அமிலத்தில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே ஒரு மணி நேரம் வையுங்கள். பளபளப்பு போய்ச் சாம்பல் நிறச் சொரசொரப்பு வர வேண்டும். இந்தச் சொரசொரப்பு இல்லாவிட்டால் பூச்சு பிடிக்காது. எங்கள் முதல் தகடு இரண்டே நாளில் உரிந்ததற்கு இதில் காட்டிய அவசரம்தான் காரணம். அப்புறம் ருத்தேனியம் குளோரைடையும் டைட்டானியம் பியூட்டாக்சைடையும் 30-க்கு 70 என்ற மோல் விகிதத்தில் ஐசோபுரோப்பனாலில் கரைத்து, தூரிகையால் மெல்லியதாகப் பூசுங்கள். 100 டிகிரியில் உலர்த்தி, 450 டிகிரி உலையில் 10 நிமிடம் சுடுங்கள். ஆறவிட்டு மறுபடி பூசுங்கள். ஆறு முதல் பத்து முறை இப்படிச் செய்து, கடைசியில் ஒரு மணி நேரம் சுட வேண்டும். கருநீல நிறத்தில், விரலால் தேய்த்தாலும் கறை ஒட்டாத பூச்சு கிடைத்தால் சரி. தடிமனாக ஒரே பூச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள், வெடித்துவிடும்.

இந்த அடிப்படைப் பூச்சில்தான் மாற்றங்கள் வருகின்றன. இரிடியம் ஆக்சைடு கொஞ்சம் சேர்த்தால் ருத்தேனியம் கரைந்துபோவது குறைந்து ஆயுள் நீளும். வெள்ளீய ஆக்சைடும் ஆன்டிமனியும் சேர்த்தால் ஆக்சிஜன் வெளிவருவது கடினமாகி, குளோரினுக்கு இன்னும் சாதகமாகும். ருத்தேனியத்தின் அளவைக் குறைத்துச் செலவைக் குறைக்கவும் இவை உதவும்.

இனி கலம். 600 மில்லி பீக்கரில் 500 மில்லி கடல் நீர். ஆனோடில் நீரில் மூழ்கும் பரப்பு 10 சதுர சென்டிமீட்டர். அதே அளவு டைட்டானியம் அல்லது 316 ரக ஸ்டீல் கேத்தோடு. இரண்டுக்கும் இடைவெளி 5 மில்லிமீட்டர். இந்த இடைவெளியை அலட்சியம் செய்யாதீர்கள். சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லி ஆம்பியர் பாயும்போது, 5 மில்லிமீட்டர் கடல் நீரைக் கடக்க மட்டும் 1 வோல்ட் செலவாகிறது. 2 சென்டிமீட்டர் விட்டால் 4 வோல்ட். அவ்வளவும் நீரைச் சூடாக்கத்தான் போகும். கிராக்கடைல் கிளிப் நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே இருக்கட்டும். தெறிக்கும் துளி பட்டால் செம்பு கரைந்து இறங்கும். செம்பு, நிக்கல், கோபால்ட் மூன்றுமே ஹைப்போகுளோரைட்டைச் சிதைப்பவை.

பவர் சப்ளையை மின்னோட்டம் மாறாத முறையில் வைத்து 1 ஆம்பியரில் 30 நிமிடம் ஓட்டுங்கள். மின்னழுத்தம் 4 வோல்ட்டை ஒட்டி நிற்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். எண் மெல்ல ஏறினால் கேத்தோடில் படிவம் ஏறுகிறது என்று பொருள். வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள், ஹைப்போகுளோரைட் குளோரேட்டாக மாறத் தொடங்கும். நீரை மெதுவாகக் கலக்கிக்கொண்டே இருங்கள். இந்த அரை மணி நேரத்தில் கேத்தோடில் 230 மில்லி அளவு ஹைட்ரஜன் வெளியேறும். ஹூட் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

நான்காம் படி: அளந்து பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். வாசத்தை வைத்து வெற்றியைச் சொல்ல முடியாது, துளித்துளியாக அளந்து ஊற்றும் பியூரெட்தான் சொல்ல வேண்டும்.

கலக்கிய கரைசலில் 10 மில்லி எடுத்து, 50 மில்லி வாலைவடிநீரில் சேருங்கள். ஒரு கிராம் பொட்டாசியம் அயோடைடு போட்டுக் கரைத்த பிறகு 5 மில்லி அசிட்டிக் அமிலம் ஊற்றுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. அமிலம் முதலில் விழுந்தால் குளோரின் காற்றில் போய்விடும், உங்கள் மூக்குக்கும் போகும், அளவும் குறைவாக வரும். கரைசல் அயோடினால் பழுப்பாகும். 0.02 நார்மல் சோடியம் தயோசல்ஃபேட்டை பியூரெட்டிலிருந்து துளித்துளியாக விட்டு, வெளிர் மஞ்சள் வரும்வரை டைட்ரேட் செய்து, பிறகு ஸ்டார்ச் சேருங்கள். ஸ்டார்ச் பாட்டில் காலி என்றால் தெளிந்த வடிகஞ்சி நாலு சொட்டு போதும், அழகாக நீலம் தரும். நீலம் மறையும் புள்ளியில் நிறுத்துங்கள்.

லிட்டருக்கு எத்தனை கிராம் சோடியம் ஹைப்போகுளோரைட் என்பதற்கு, செலவான தயோசல்ஃபேட் மில்லியை 0.02-ஆல் பெருக்கி, 37.22-ஆல் பெருக்கி, 10-ஆல் வகுக்கவும். 13.4 மில்லி செலவானால் ஏறக்குறைய 1 கிராம்.

எதிர்பார்க்க வேண்டியது எவ்வளவு? ஃபாரடே விதிப்படி ஒரு ஆம்பியர்-மணிக்கு 1.39 கிராம். நாம் கொடுத்தது அரை ஆம்பியர்-மணி, அதாவது உச்சபட்சம் 0.69 கிராம். அரை லிட்டரில் இருப்பது அரை கிராம் என்றால் மின்னோட்டத் திறன், அதாவது கொடுத்த மின்சாரத்தில் வேண்டிய பொருளுக்குப் போன பங்கு, 72 சதவீதம். கடலோர மின்நிலையங்கள் குளிர்விக்கும் நீரில் சிப்பியும் பாசியும் படியாமல் இருக்க இதே முறையில்தான் அங்கேயே ஹைப்போகுளோரைட் செய்துகொள்கின்றன. அவற்றின் கரைசலும் லிட்டருக்கு 0.5 முதல் 2 கிராம் என்ற செறிவில்தான் இருக்கும். அதற்கு மேல் போக முயன்றால், உண்டான ஹைப்போகுளோரைட் கேத்தோடில் மோதி மறுபடி குளோரைடாகவே மாறும். மின்சாரம்தான் வீண்.

மீதித் திறன் எங்கே போனது என்று மாணவர்கள் கேட்பார்கள். கொஞ்சம் ஆக்சிஜனாக, கொஞ்சம் கேத்தோடில் திரும்பக் குறைந்து, கொஞ்சம் குளோரேட்டாக. மின்னடர்த்தியை 50, 100, 200 மில்லி ஆம்பியர் என்று மாற்றி, கொடுக்கும் மொத்த மின்னூட்டத்தை மட்டும் மாறாமல் வைத்து மூன்று முறை செய்து பாருங்கள். உங்கள் பூச்சின் குணம் அந்த மூன்று எண்களில் தெரிந்துவிடும்.

இப்போது புரோமைடு. ஹைப்போகுளோரைட் உண்டானதும் அது புரோமைடை ஹைப்போபுரோமைட்டாக மாற்றும், அதிலிருந்து உடலுக்குக் கேடான புரோமேட்டும் உருவாகும். ஆகவே கடல் நீரில் செய்த இந்தக் கரைசலைக் குடிநீரில் கலக்கக் கூடாது. தரை கழுவ, தொட்டி கழுவ, குழாய்ப் பாசி நீக்கத்தான் இது. குடிநீருக்கென்றால் தூய உப்பில் தனியாகச் செய்ய வேண்டும்.

கேத்தோடின் வெள்ளைப் படிவம்

அணைத்ததும் கேத்தோடைத் தூக்கிப் பாருங்கள். சுண்ணாம்பு அடித்தது போல இருக்கும். பெரும்பகுதி மக்னீசியம் ஹைட்ராக்சைடு, கூடவே கால்சியம் கார்பனேட். ஆலைகளில் இது பெரிய தலைவலி. மின்வாய்களின் துருவத்தை அவ்வப்போது மாற்றியும், நீரை வேகமாகப் பாய்ச்சியும், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவியும் சமாளிக்கிறார்கள். துருவம் மாற்றும் முறைக்கு இரண்டு பக்கமும் பூசிய டைட்டானியமே வேண்டும். ஸ்டீல் கேத்தோடு வைத்திருப்பவர்கள் துருவம் மாற்றினால் மேலே சொன்ன குரோமியக் கதைதான்.

ஆனால் இதையே விளைபொருளாகவும் பார்க்கலாம். ஒரு லிட்டர் கடல் நீரில் உள்ள மக்னீசியம் முழுதும் வீழ்படிந்தால் 3 கிராம் மக்னீசியம் ஹைட்ராக்சைடு கிடைக்கும். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் கௌரவ் சந்த் குழுவின் ஆய்விலிருந்து பிறந்த ஈக்வாட்டிக் நிறுவனம் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டது. கேத்தோடு பக்கத்தில் உருவாகும் காரம் காற்றின் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக் கார்பனேட்டாகவும் பைகார்பனேட்டாகவும் கட்டிவைக்கிறது, கூடவே ஹைட்ரஜனும் கிடைக்கிறது. 2023-ல் லாஸ் ஏஞ்சலிஸிலும் சிங்கப்பூரிலும் மாதிரி ஆலைகளை இயக்கினார்கள். அவர்களுக்குக் குளோரின் வரவே கூடாது. ஆகவே ஆக்சிஜனை மட்டும் தரும் ஆனோடுதான் அந்தத் திட்டத்தின் உயிர்.

ஐந்தாம் படி: இரண்டாம் பாதை, குளோரின் இல்லாத ஆனோடு

கடல் நீரில் ஆக்சிஜனை மட்டும் தரும் ஆனோடுக்கான தேடல் பழையது. 1980 வாக்கிலேயே மாங்கனீஸ் டை ஆக்சைடு பூச்சு குளோரினைத் தடுப்பது தெரிந்திருந்தது. ஜப்பானின் தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் கோஜி ஹஷிமோட்டோ இதைப் பல ஆண்டுகள் வளர்த்தெடுத்தார். 2018-ல் நெதர்லாந்தின் லெய்டனில் மார்க் கோப்பர் குழு, இரிடியம் ஆக்சைடின் மேல் இருக்கும் மாங்கனீஸ் ஆக்சைடு ஒரு சல்லடை போல வேலை செய்வதைக் காட்டியது. நீர் உள்ளே போகும், குளோரைடு அயனி எளிதில் போகாது. காரம் சேர்க்காமலே ஆக்சிஜன் வேண்டுமென்றால் இந்த வழிதான் இன்றும் முதன்மையானது.

நாம் செய்யப்போவது விலை மலிவான நிக்கல்-இரும்பு வழி. 2 சென்டிமீட்டருக்கு 3 சென்டிமீட்டர் அளவில் நிக்கல் நுரையை வெட்டுங்கள். 3 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 5 நிமிடம், பிறகு நீர், பிறகு எத்தனால், பிறகு நீர். உலரவிட்டு எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

100 மில்லி வாலைவடிநீரில் நிக்கல் நைட்ரேட் ஹெக்சாஹைட்ரேட் 0.087 கிராம், இரும்பு நைட்ரேட் நோனாஹைட்ரேட் 0.121 கிராம். இரண்டும் 3 மில்லிமோலார். அப்போதே கலக்கி அப்போதே பயன்படுத்துங்கள், நின்றால் இரும்பு தனியாக வீழ்படியும். நுரையைக் கேத்தோடாக இணைத்து, வெள்ளி-வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்வாயைப் (மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க வைக்கும் மூன்றாவது மின்வாய்) பொறுத்து மைனஸ் 1 வோல்ட்டில் 5 நிமிடம். நைட்ரேட் ஒடுங்கும்போது மேற்பரப்பில் ஹைட்ராக்சைடு பெருகுகிறது, அங்கேயே நிக்கலும் இரும்பும் சேர்ந்து ஹைட்ராக்சைடாகப் படிகின்றன. வெறும் கண்ணுக்கு இளமஞ்சள் சாயல் தெரியும். அலசி உலர்த்துங்கள். இவ்வளவுதான், உலை கூடத் தேவையில்லை.

இந்தப் பூச்சு ஆக்சிஜனுக்கு அருமையாக வேலை செய்யும். பிரச்சினை அதன் அடியில் இருக்கும் நிக்கல்தான், குளோரைடு அதை அரிக்கும். 2019-ல் ஸ்டான்ஃபோர்டில் ஹொங்ஜியே தாய் குழு நுரைக்கும் பூச்சுக்கும் நடுவே நிக்கல் சல்ஃபைடு அடுக்கு ஒன்றை வைத்தது. ஓடும்போது சல்ஃபைடு ஆக்சிஜனேற்றம் அடைந்து சல்ஃபேட் அயனிகளாகிறது, காரத்தில் உள்ள கார்பனேட்டும் சேர்ந்துகொள்கிறது. எதிர்மின்னூட்டம் கொண்ட இந்த அயனிகள் மேற்பரப்பில் குடியிருந்து, அதே மின்னூட்டம் கொண்ட குளோரைடை விலக்குகின்றன. அந்த மின்வாய் 1000 மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது. பின்னர் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஷிஃபெங் ரென் குழு, கந்தகம் கலந்த நிக்கல்-இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடை அறை வெப்பநிலையில் சில நிமிடங்களிலேயே நுரை மேல் வளர்க்கலாம் என்று காட்டியது. என் பார்வையில், இந்தத் துறையில் புதுமை என்பது வேகத்தைக் கூட்டுவதில் இல்லை, அரிப்பைத் தடுக்கும் இந்த நடு அடுக்கில்தான் இருக்கிறது.

மின்பகுளிக்கு, ஒரு லிட்டர் வடிகட்டிய கடல் நீரில் 66 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வில்லைகளைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். கடையில் கிடைக்கும் வில்லையின் தூய்மை 85 சதவீதம் என்பதால் இந்த அளவு. நன்றாகச் சூடேறும். பால் போல வெண்மையாகும், அது மக்னீசியம் ஹைட்ராக்சைடு. ஓரிரவு தெளியவிட்டு மேல்நீரை எடுங்கள். முன்பு கேத்தோடில் படிந்த தொல்லையை இங்கே முன்கூட்டியே பிரித்து எடுத்துவிட்டோம். படிவத்தை அலசி உலர்த்தி வைத்துக்கொள்ளலாம்.

நுரையின் மூழ்கும் பரப்பு 4 சதுர சென்டிமீட்டர், எதிரே வெறும் நிக்கல் நுரை கேத்தோடு, 0.4 ஆம்பியர், 30 நிமிடம். ஆனோடின் மேல் நீர் நிரப்பிய 100 மில்லி அளவு உருளையைக் கவிழ்த்து வைத்தால் ஆக்சிஜனைப் பிடிக்கலாம். அறை வெப்பநிலையில் 46 மில்லியை ஒட்டி வர வேண்டும்.

முடிந்ததும் 10 மில்லி எடுத்து முன்போலவே அயோடைடும் அமிலமும் சேர்த்துப் பாருங்கள். வரிசை அதேதான், அயோடைடுதான் முதலில். ஆனால் இங்கே அமிலத்தில் ஒரு பகுதி காரத்தை நடுநிலையாக்கவே செலவாகும், ஆகவே பிஹெச் தாளில் அமில நிலை உறுதியாகும்வரை ஊற்றுங்கள். ஸ்டார்ச் போட்டும் நீலம் வரவில்லை என்றால் ஹைப்போகுளோரைட் இல்லை.

இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. நிக்கல் ஹைப்போகுளோரைட்டைச் சிதைக்கும் என்று மேலே சொன்னேன். உண்டாகிச் சிதைந்ததா, உண்டாகவே இல்லையா? ஓடி முடிந்த கரைசலில், முதல் பாதையில் செய்து அளந்த ஹைப்போகுளோரைட்டைக் குறிப்பிட்ட அளவு சேர்த்து அரை மணி நேரம் வைத்து டைட்ரேட் செய்யுங்கள். சேர்த்தது அப்படியே திரும்பக் கிடைத்தால், முன்பு வந்த பூஜ்ஜியத்தை நம்பலாம். குறைந்தால் அந்தப் பூஜ்ஜியத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கடல் நீர் வினையூக்கி பற்றி எழுதும் ஒவ்வொருவரும் இந்தச் சிறு சோதனையைச் செய்ய வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

அதன்பின் அதே மின்வாயை 24 மணி நேரம் ஓட்டி, அலசி, உலர்த்தி, மறுபடி எடை போடுங்கள். பூசாத வெறும் நுரையையும் அதே போல ஓட்டி ஒப்பிடுங்கள். அரிப்பு எடையில் தெரியும்.

எது எங்கே பொருந்தும்

ஹைட்ரஜனுக்காக மட்டும் கடல் நீரை நேரடியாகப் பிளக்க வேண்டுமா? என் பதில், பெரும்பாலான இடங்களில் வேண்டாம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் தூய நீரும் 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரமும் வேண்டும். ஆயிரம் லிட்டர் கடல் நீரை எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் நன்னீராக்க 3 முதல் 4 யூனிட் போதும். அப்படியென்றால் அந்த 9 லிட்டருக்கான செலவு 0.04 யூனிட்டுக்கும் கீழே. இவ்வளவு சிறிய சேமிப்புக்காக அரிப்பையும் படிவத்தையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. ஷென்ஜென் பல்கலைக்கழகத்தின் ஷியே ஹெபிங் குழு 2022-ல் கண்டுபிடித்த வழி இதற்கு நடுவில் நிற்கிறது. நீராவியை மட்டும் விடும் சவ்வு வழியாகக் கடலிலிருந்து நீர் உள்ளே வருகிறது, உப்பு வெளியிலேயே நிற்கிறது. அந்தக் கலம் 3200 மணி நேரம் ஓடியது.

கடல் நீரின் உப்பே விளைபொருளாகும் இடத்தில்தான் நேரடி மின்பகுப்புக்கு முழு நியாயம் இருக்கிறது. ஹைப்போகுளோரைட் அப்படி, மக்னீசியம் ஹைட்ராக்சைடு அப்படி. சென்னைக்காகக் கடல் நீரை நன்னீராக்க 2010-ல் திறந்த மீஞ்சூர் ஆலையும் 2013-ல் திறந்த நெம்மேலி ஆலையும் ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் செய்யும் திறனோடு கட்டப்பட்டவை. இப்படிப்பட்ட ஆலைகள் வெளியே விடும் உவர்நீரில் கடலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு உப்பு இருக்கிறது. மின்கடத்துத்திறன் அதிகம், குளோரைடு அதிகம், நீர் ஏற்கெனவே வடிகட்டப்பட்டது. மாணவர் ஒருவர் ஆய்வுத் தலைப்பு கேட்டால் நான் முதலில் சொல்வது இந்த உவர்நீரைத்தான். மேலே உள்ள முதல் பாதையை அப்படியே அதில் செய்து, படிவம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்த்தாலே நல்ல தொடக்கம்.

கடைசி வேலை: கழிவு

ஹைப்போகுளோரைட் கரைசலை ஒளி படாத பாட்டிலில் வைத்து ஓரிரு நாளில் பயன்படுத்திவிடுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், ஆக்சிஜன் மெல்ல வெளியேறும். மிஞ்சியதில் சோடியம் தயோசல்ஃபேட்டைக் கரைத்து, அயோடைடு-ஸ்டார்ச் தாளில் நீலம் வராது என்று உறுதியான பிறகு சாக்கடையில் விடலாம். காரக் கடல் நீரை நிக்கல் இல்லாதது போல நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். அதையும், பூசிய நைட்ரேட் கரைசலின் மீதத்தையும், நுரை கழுவிய அமிலத்தையும் தனித்தனிக் கேன்களில் சேருங்கள். அமிலத்தையும் நைட்ரேட் மீதத்தையும் சோடியம் ஹைட்ராக்சைடால் பிஹெச் 10-க்குக் கொண்டுபோனால் நிக்கல் பச்சை வீழ்படிவாக இறங்கும், இரும்பு கூட இருந்தால் பழுப்பு கலந்திருக்கும். வடிகட்டி, உலர்த்தி, பெயரும் தேதியும் எழுதி ஆய்வகத்தின் அபாயக் கழிவுப் பெட்டியில் வையுங்கள்.